கடற்காற்றில் ஒரு மிக்-21: ஜெட் மாடல் கட்டிப் பெயின்ட் அடிக்கும் முறை

பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டிக்குள் வரும் செய்முறைத் தாளில் எந்த உறுப்பு எதோடு ஒட்டும், எந்த இடத்துக்கு என்ன நிறம் என்பதெல்லாம் இருக்கும். ஆடிச் சாரலில் குளச்சலிலோ முட்டத்திலோ உட்கார்ந்து அடித்த பெயின்ட் ஏன் பால் ஊற்றினதுபோல வெளுத்துவிடுகிறது என்பது மட்டும் இருக்காது. குமரி மாவட்டத்தில் மாடல் கட்டுகிறவர்களுக்குக் கை வேலையைவிடக் காற்றின் ஈரம்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். அதனால் இங்கே சொல்லப்போகும் வேலை வரிசை, காத்திருக்கும் நேரம் எல்லாம் அந்த ஈரத்தைக் கணக்கில் வைத்தே இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக மிக்-21 கிட்டை வைத்துக்கொள்வோம். 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற போர் விமானம். படங்கள் ஏராளமாகக் கிடைக்கும், வடிவம் எளிது, உறுப்புகளும் குறைவு. 1/72 அளவில் (அசலில் 72-ல் ஒரு பங்கு) இறக்கை விரிவு ஏறக்குறைய 10 செ.மீ., 1/48-ல் 15 செ.மீ. முதல் ஜெட் என்றால் 1/72 போதும். காக்பிட் வேலையில் ஆசை இருந்தால் 1/48. எடுவார்ட் கம்பெனி இரண்டு அளவிலும் தருகிறது, பொருத்தம் அருமை, ஆனால் பொடி உறுப்புகள் நிறைய. ஸ்வெஸ்டா கம்பெனியின் 1/72 கிட் விலை குறைவு, கைக்கும் சுலபம்.

வாங்குமுன் எந்த ரகம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எஃப்எல், எம்எஃப், பிஸ் மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. மூக்கின் மேலுள்ள நீண்ட பிட்டோ குழாய் (வேகம் அளக்கும் குழாய்) எஃப்எல்-லில் நடுக்கோட்டில் இருக்கும். பின்வந்த எம்எஃப், பிஸ் ரகங்களில் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பிஸ்ஸின் முதுகுத் திமில் பெரிது. ஏவுகணையிலும் கவனம் வேண்டும்: எஃப்எல் தூக்கியது கே-13, ஆர்-73 பிஸ்ஸை மேம்படுத்திய பைசனுக்கு உரியது. பெட்டியில் கூடுதலாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தொங்கவிடக் கூடாது. பல கிட்டுகளில் இந்திய டீக்கால் (நனைத்து ஒட்டும் சின்னப் படம்) இருக்காது, தனியாக வாங்க வேண்டும். பச்சை நடுவில், வெள்ளை இடையில், காவி வெளியில் என்று வட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த மாசம், எந்த நேரம்

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. பெயின்ட் அடிக்க நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. அதற்காக மற்ற மாசங்களில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒட்டுவது, தேய்ப்பது, கோடு கீறுவது போன்ற வேலைகளுக்கு மழையால் கெடுதல் ஒன்றுமில்லை. அவற்றைச் சாரல் காலத்தில் முடித்து வைத்தால், வெயில் வந்ததும் பெயின்ட் வேலையில் இறங்கலாம்.

சிறிய டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வேலை மேசையிலேயே வையுங்கள். விலை சில நூறு ரூபாய்தான். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் லாக்கர் பெயின்டை (வேகமாக ஆவியாகும் தின்னர் கலந்த பெயின்டை) தொட வேண்டாம். 60-க்குக் கீழ் என்றால் தாராளமாக அடிக்கலாம். அதிகாலையில் ஈரம் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏற ஏறக் குறையும். மழையில்லாத நாளில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை கைக்குக் கிடைக்கும் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து ஆற அமர உட்கார்ந்து அடிப்பது சுகம்தான், ஆனால் கடலோர ஊர்களில் அந்த நேரத்துக் காற்றில் பிழிந்தால் தண்ணீர் வரும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று ஜன்னல் வழியாகப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். போதாததற்குத் துப்பின பெயின்ட் மாடலைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்துவிடும், மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக வரும். அங்கே ஜன்னலைச் சாத்திவிட்டு, எக்சாஸ்ட் ஃபேன் வைத்த பெட்டிக்குள் அடிப்பதுதான் வழி. எந்த ஊராக இருந்தாலும் அடிக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

கருவிகள்

கூர்மையான நிப்பர், பிளேடு மாற்றக்கூடிய கத்தி, 400, 600, 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர், நுனி கூரான ட்வீசர், மாஸ்கிங் டேப், டமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்ட், சூப்பர் குளூ, காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் 0.3 மி.மீ. நாசில் உள்ள ஏர்பிரஷ், தொட்டி உள்ள கம்ப்ரசர். தொட்டியில்லாத சின்ன கம்ப்ரசர்கள் கால் மணி நேரத்தில் சூடாகிவிடும். சூடான காற்று குழாயில் குளிர்ந்து, ஈரம் நீர்த்துளியாகி, ஏர்பிரஷ் வழியாகப் பெயின்டோடு சேர்ந்து தெறிக்கும். அதனால் கம்ப்ரசர் பக்கம் ஒன்று, ஏர்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே ஒன்று என்று இரண்டு ஈரப்பொறி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். சாரல் நாளில் எவ்வளவு வடிகிறது என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

மீதிச் சாமான் ஊரிலேயே கிடைக்கும். வாட்டர் பேப்பரை ஆட்டோ பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள். ஏர்பிரஷ் கழுவ ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும்; மொபைல் சர்வீஸ் செய்கிறவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும். உறுப்புகளைக் குத்திப் பிடிக்க ஈர்க்கிலும் ஒரு துண்டு தெர்மோகோலும் போதும். விளக்குமாற்றிலிருந்து உருவின ஈர்க்கிலைக் கழுவிக் காயவைத்து, நுனியில் டேப்பைத் திருப்பிச் சுற்றினால், வாங்குகிற பிடிப்பான் எதற்கும் குறைந்ததில்லை. டீக்காலுக்குப் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருக்கும், காய்ந்ததும் டீக்காலைச் சுற்றி வெள்ளை வளையம் விழும்.

ஹார்டுவேர் கடை என்சி தின்னர் ஏர்பிரஷின் உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும். மாடலில் பட்டால் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். ரப்பர் வாஷரையும் அதில் ஊறவிடாதீர்கள்.

முகக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொரோனா காலத்தில் மிச்சமான என்95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரிமஆவி வடிகட்டி உள்ள அரைமுகக் கவசம் வாங்குங்கள். அடிக்கும்போது வாசனை வருகிறது என்றால் வடிகட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது.

வெட்டுவதும் ஒட்டுவதும்

முதலில் ஸ்ப்ரூ (உறுப்புகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் ஜெல் ஒரு சொட்டு விட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது பூசின எண்ணெய் ஒட்டியிருக்கும். அது இருந்தால் பெயின்ட் டேப்போடு சேர்ந்து உரிந்து வரும். கழுவும்போது கண்ணாடி உறுப்புகளைத் தனியாக வையுங்கள், கீறல் விழும்.

உறுப்பை ஸ்ப்ரூவிலிருந்து ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். இரண்டு மி.மீ. தள்ளி முதல் வெட்டு, பிறகு மிச்சத்தைக் கத்தியால் சீவி, 600 பேப்பரால் சமன்படுத்துங்கள். ஒட்ட வெட்டினால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும்.

காக்பிட்டிலிருந்து தொடங்குங்கள். ரஷ்ய விமானங்களின் உட்புறம் நீலமும் பச்சையும் கலந்த ஒரு தனி நிறம்; ‘ரஷ்ய காக்பிட்’ என்றே குப்பியில் விற்கிறார்கள். டாஷ்போர்டு டயல்களுக்குக் கறுப்பு அடித்து, காய்ந்த பிரஷ்ஷில் வெளிர்சாம்பல் லேசாகத் தடவினால் கோடுகள் எழும்பி வரும். இருக்கைக்குப் பெல்ட் இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை ஒரு மி.மீ. பட்டையாக வெட்டி ஒட்டலாம். 1/72-ல் மூடின கேனபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) வழியாக இதில் பாதிகூடத் தெரியாது. இங்கேயே வாரக்கணக்கில் குந்தியிருக்க வேண்டாம்.

ஒட்டுமுன் ஒவ்வொரு உறுப்பையும் சிமென்ட் இல்லாமல் பொருத்திப் பாருங்கள். உடலின் இரு பாதிகளையும் டேப்பால் கட்டி, இறக்கையைச் செருகி, முன்பக்கத்திலிருந்து கண்ணளவில் பாருங்கள். மிக்-21-ன் இறக்கை தட்டையாக நிற்காது, நுனி பக்கம் 2 டிகிரி கீழே சாய்ந்திருக்கும். 1/72-ல் அது ஒரு மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தால் யாருக்கும் கண்ணில் படும். வால் இறக்கைகள் படுக்கையாக நிற்கும், செங்குத்து வால் அவற்றுக்குச் சரியான செங்கோணம். அட்டையில் கோடு போட்டு வெட்டி ஒரு அளவுச்சட்டம் செய்து, சிமென்ட் இறுகும்வரை தாங்கலாகக் கொடுங்கள்.

எக்ஸ்ட்ரா தின் வகைச் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், அது தானே உள்ளே ஓடும். சில வினாடி கழித்து லேசாக அழுத்துங்கள். உருகின பிளாஸ்டிக் நூலிழை மாதிரி வெளியே பிதுங்க வேண்டும். அந்தப் பிதுக்கம் இடுக்கை நிரப்பும். விரல் சிமென்ட் பட்ட கோட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் உங்கள் கைரேகை அதில் பதிந்துவிடும்.

சூப்பர் குளூ வேறு சாதி. அது இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான். ஆகவே நம் ஊரில் அது குறிப்புத்தாள் சொல்வதைவிட வேகமாகப் பிடிக்கும், திருத்த நேரம் தராது. திறந்த குப்பி சில வாரத்திலேயே கல்லாகிவிடும். குப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்ளே ஈரம் படியும், அதோடு கதை முடிந்தது.

மூக்குக்குப் பாரம்

இதை மறந்தால் முழுதும் முடிந்தபிறகு விமானம் வாலில் உட்கார்ந்துவிடும், அப்போது சரிசெய்ய வழி கிடையாது. மிக்-21-ல் பாரம் வைக்க நல்ல இடம் மூக்கின் நடுவிலுள்ள கூம்பு. அதன் உட்பகுதி பொள்ளலாக இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். போதாவிட்டால் முன்சக்கரக் குழிக்கு மேலே, காக்பிட்டுக்கு அடியில் கிடைக்கும் இடம்.

வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயமணி கடலோர ஊர்களில் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும். பொடி மணியாக வாங்குங்கள். 1/72-க்கு 5 கிராமில் தொடங்கிச் சோதியுங்கள். சோதனை இப்படி: உடல், இறக்கை, வால், ஏவுகணை எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டி, முக்கியச் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன் மேல் மாடலை நிறுத்துங்கள். மூக்குத் தெளிவாகக் கீழே இறங்க வேண்டும். சும்மா ஊசலாடினால் இன்னும் கொஞ்சம் சேருங்கள், பெயின்டும் வார்னிஷும் பின்பக்கத்துக்கும் எடை கூட்டும். அதற்காக அளவுக்கு மீறி ஏற்றினால் மெல்லிய முன்கால் வளையும்.

ஈயத்தை ஃபெவிகாலால் ஒட்டாதீர்கள். வெள்ளைப் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக மாறி, வருஷங்கள் கழித்து ஊதிப் பெருத்து உடலைப் பிளக்கும். எபாக்சியோ சூப்பர் குளூவோ போதும். ஈயத்தை அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம், வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யாதீர்கள்.

ஒட்டுக்கோட்டை மறைப்பது

மாடலின் தரம் தெரிவது இங்கேதான். சிமென்ட் போட்ட கோட்டை 48 மணி நேரம் தொடாதீர்கள். மேலே இறுகினதுபோலத் தெரிந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் மெத்தென்றே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், ஒரு மாசம் கழித்து உள்ளே சுருங்கி அதே கோடு பள்ளமாகத் திரும்பவும் எழுந்து நிற்கும்.

சிறு இடுக்குக்கு அதே கிட்டின் ஸ்ப்ரூவை நுணுக்கி எக்ஸ்ட்ரா தின்னில் ஒருநாள் ஊறப்போட்டுக் குழம்பாக்கித் தடவலாம். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது ஒரே சீராக வரும். அகலமான இடுக்குக்குச் சூப்பர் குளூ நல்லது, ஆனால் ஓரிரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். 400-ல் தொடங்கி 600, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து வாருங்கள். உடல் உருண்டையாக இருப்பதால் பேப்பரை விரலால் அழுத்தாமல், வளையும் ரப்பர் துண்டில் சுற்றித் தேய்த்தால் தட்டை விழாது.

தேய்ப்பில் அழிந்த தகட்டுக்கோடுகளை (விமானத் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகளை), தடித்த டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, பின்வைஸில் (ஊசி பிடிக்கும் கைக்கருவியில்) பிடித்த தையல் ஊசியால் மீண்டும் கீறுங்கள். முதல் மூன்று நான்கு கீறல்கள் பாரமே இல்லாமல் ஊசி தன் எடையில் நகர வேண்டும். முதல் கீறலிலேயே அழுத்தினால் ஊசி டேப்பை மீறி ஓடும்.

பிட்டோ குழாயைப் பிளாஸ்டிக்கில் விட்டுவைத்தால் இரண்டு நாளில் எங்காவது இடித்து உடையும். மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் ஊசிகளால் செய்யுங்கள்: 23 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.6 மி.மீ., அதற்குள் 30 கேஜ் ஊசி சரியாக நுழையும். இரண்டையும் செருகிச் சூப்பர் குளூ ஒரு துளி. கூர்நுனியை முதலிலேயே தேய்த்து மழுக்கிவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். வயர் ஆன்டெனாவுக்கு மெல்லிய தங்கூசி நூல் போதும்.

கேனபி

கண்ணாடி மூடிக்குச் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் படலமாகப் படியும், ஈரம் கூடின அறையில் இன்னும் மோசம். உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. இங்கே ஃபெவிகால்தான் சரியான பசை: காய்ந்தால் தெளிவாகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். ஒட்டுமுன் உட்புறத்தில் விரல்தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

சட்டங்களை மாஸ்க் செய்ய டேப்பை ஒரு மி.மீ. பட்டைகளாக வெட்டிச் சட்டத்தின் ஓரம் நெடுக ஒட்டி, நடுவைப் பெரிய துண்டால் நிரப்புங்கள். மாஸ்க் போட்டதும் முதலில் காக்பிட் நிறத்தையே வெளிப்புறத்தில் அடித்து, அதன் மேல் வெளிநிறம் அடியுங்கள். உள்ளிருந்து பார்த்தால் சட்டத்தின் உட்புறம் சரியான நிறத்தில் தெரியும்.

பிரைமர்

தேய்த்த தூசியைக் கழுவி, காயவைத்து, இனிமேல் கையுறை போட்டுத்தான் மாடலைத் தொட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வேர்க்காமல் இருக்காது. வேர்வை பட்ட இடத்தில்தான் பின்னால் பெயின்ட் உரியும். மிஸ்டர் சர்ஃபேசர் 1500 என்ற பிரைமரை லெவலிங் தின்னரோடு 1:2 கலந்து, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒட்டுக்கோடு, கீறல், குழி எதுவும் மிச்சமிருந்தால் நிழலாகத் தெரியும். அந்த இடத்தைத் திருத்தித் திரும்ப அடியுங்கள். பிரைமரில் தெரிகிற கோடு நிறம் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைப்பது வீண், வெள்ளி நிறமாக இருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும்.

நிறம் அடிப்பது

பெயின்ட் வெளுப்பது ஏன் என்று முதலில் புரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு சட்டென்று குளிரும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனிபோலப் படிந்து, காயும் பெயின்டுக்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெண்மை. அதனால் ஈரம் கூடின நாளில் வேகமாகக் காயும் தின்னர் ஆகாது. காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்த லெவலிங் தின்னரே நமக்கு நல்லது. ஏற்கெனவே வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். ஈரம் குறைந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து மெல்லிய புகைபோல ஒருமுறை தூவினால் பூச்சு இளகிச் சிக்கின ஈரம் வெளியேறும், நிறமும் திரும்பும். ஊற்றிவிட்டால் பெயின்டே வழிந்துவிடும்.

டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை அக்ரிலிக்கை எக்ஸ்-20ஏ தின்னரோடு 1:1, மெல்லிய கோடு வேண்டுமானால் 1:2. மிஸ்டர் கலர் லாக்கரையும் லெவலிங் தின்னரோடு ஏறக்குறைய அதே அளவில் கலக்கலாம். கலவை பாலைப் போல, குவளையின் சுவரில் ஏறி இறங்கும்போது மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். பொதுப் பூச்சுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ, 8 முதல் 10 செ.மீ. தூரம். முதலில் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்த்துவிட்டே மாடலுக்கு வாருங்கள்.

அடித்த இடம் ஒரு வினாடி ஈரமாக மினுங்கி, பிறகு மங்க வேண்டும். மினுங்கவே இல்லை என்றால் தூரமோ அழுத்தமோ அதிகம், பெயின்ட் காற்றிலேயே காய்கிறது. மினுக்கம் நீடித்துச் சிலந்திக்கால் மாதிரி ஓடினால் தின்னர் அதிகம் அல்லது மிக நெருக்கம். கையை நிறுத்தாமல், மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள்.

பச்சை, பழுப்பு உருமறைப்பு என்றால் அடிப்புற வெளிர்நிறத்தை முதலில் அடித்து, ஒருநாள் கழித்து மாஸ்க் செய்து, மேலே பழுப்பு, பிறகு பச்சை. எந்தத் திட்டிலும் அடர்நிறம் கடைசியில் வருவது மறைக்கச் சுலபம். திட்டுகளின் விளிம்பு மெல்ல மங்க வேண்டும் என்றால் புளூ-டாக் பசையைப் புழுபோல உருட்டி விளிம்பில் வைத்து, நேர் மேலிருந்து அடியுங்கள். சாய்த்து அடித்தால் ஒருபக்கம் மட்டும் கூர்மையாகும். கை பழகினவர்கள் 10 பிஎஸ்ஐ-யில் 2 செ.மீ. தூரத்தில் மாஸ்க் இல்லாமலே வரையலாம். டேப்பை அன்றே எடுத்துவிடுங்கள். வெயில் காலச் சூட்டில் நாள்கணக்கில் விட்டால் பசை மாடலில் தங்கிவிடும். எடுக்கும்போது டேப்பை மேலே இழுக்காமல் தன்மேலேயே மடித்து இழுக்க வேண்டும்.

உலோக வெள்ளி நிறத்தில் மின்னும் எஃப்எல் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் அதற்குப் பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சு வேண்டும், அதில் ஒரு தூசிகூட மன்னிப்பில்லை. இரண்டாவது மாடலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் கரன்ட் போனால் ஏர்பிரஷ்ஷில் பெயின்டை விட்டுவைக்காதீர்கள். குவளையைக் காலி செய்து தின்னர் ஊற்றி, ஊசியை உருவித் துடைத்துவிட்டுக் கரன்டுக்குக் காத்திருங்கள். சக்கர வட்டுகளுக்கு ரஷ்ய விமானங்களின் பளீர் பச்சை, கால்களுக்கு வெளிர்சாம்பல். இவற்றை ஈர்க்கிலில் குத்திவைத்துத் தனியாக அடியுங்கள்.

டீக்கால்

மங்கலான பரப்பில் டீக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். எனவே முதலில் எக்ஸ்-22 மாதிரி பளபளப்புக் கிளியர் அடித்து, மழையில்லாத நாளில் 24 மணி நேரம், சாரலில் 48 மணி நேரம் காயவிடுங்கள். விரல்நகத்தை மறைவான இடத்தில் அழுத்தினால் தடம் விழக் கூடாது.

டீக்கால் தாள் நம் ஊரில் சீக்கிரம் கெடும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். கிட் வந்ததும் டீக்காலை எடுத்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். மஞ்சளாகிப்போன பழைய தாளைக் கவரோடு வெயில்படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் சில நாள்களில் மஞ்சள் குறையும். நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்?

ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான பேட்டரித் தண்ணீரில் 20 வினாடி நனைத்து, வெளியே எடுத்து ஈரத்துணி மேல் ஒரு நிமிஷம் வையுங்கள். தண்ணீரிலேயே தாளைவிட்டுக் கழன்று மிதக்கவிட்டால் பசை போய்விடும். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் அல்லது மார்க் செட்டர் என்ற டீக்கால் திரவத்தைத் தடவி, பிரஷ்ஷால் தள்ளி இடம் பார்த்து, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். அதன்பின் டீக்காலை இளக்கும் மைக்ரோ சால். இதைத் தடவினதும் டீக்கால் சுருங்கி நெளியும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் தொடவே கூடாது. தொட்டால் கிழியும். காயக் காயத் தானே இழுத்துக்கொண்டு தகட்டுக்கோட்டுக்குள் படிந்துவிடும். காய்ந்தபிறகும் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி இன்னொரு சொட்டு. மறுநாள் ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்து, மேலே மெல்லிய கிளியர் ஒரு பூச்சு.

கோடு எடுப்பதும் கடைசிப் பூச்சும்

தகட்டுக்கோடுகளை எடுத்துக்காட்டும் டமியா பேனல் லைன் அக்சென்ட் எனாமல் வகை. அடர்சாம்பலோ பழுப்போ எடுத்து, கோட்டில் நுனியால் தொட்டால் ஓடிப்போகும். கறுப்பு வேண்டாம், 1/72-ல் விமானம் கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். அரைமணி கழித்து எனாமல் தின்னர் தொட்டு நன்றாகப் பிழிந்த பஞ்சால், காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடையுங்கள். இங்கே ஒரு ஆபத்து உண்டு: பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினால் இறுக்கமாகச் செருகின இடங்களில் விரிசல் விழும். சக்கரக் கால் பட்டென்று ஒடிவது பெரும்பாலும் இதனால்தான். கால்களுக்குக் கிளியர் பூசாமல் இந்த அக்சென்ட் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் துடைக்கலாமா என்று கேட்பார்கள். எண்ணெய்ப் படலம் தங்கி, கடைசிப் பூச்சு பிடிக்காது.

மினுக்கத்தை அடக்கும் மேட் கிளியர் எல்லாவற்றையும்விட ஈரத்துக்குப் பயந்தது. மீட்டர் 65-க்கு மேல் காட்டினால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வார வேலையும் இந்த ஐந்து நிமிஷத்தில் வெண்பனி பிடித்துப்போகும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, இடையில் 20 நிமிஷம். காய்ந்தபிறகு சக்கரம், கதவு, ஏவுகணை, பிட்டோ குழாய் என்ற வரிசையில் ஒட்டி, கடைசியாகக் கேனபி மாஸ்க்கை எடுங்கள். டேப் விளிம்பில் பெயின்ட் மேடாகத் தெரிந்தால் பல்குத்தியின் நுனியை நனைத்துச் சீவலாம், கத்தி வேண்டாம்.

வைப்பதற்குக் கதவுள்ள கண்ணாடி அலமாரி வேண்டும். திறந்த அலமாரியில் உப்புக்காற்றோடு வரும் தூசி பிசுபிசுவென்று படிந்து, துடைத்தால் மேட் பூச்சு திட்டுத்திட்டாக மினுங்கும். உள்ளே சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று வைத்து, மணிகள் நிறம் மாறினதும் தோசைக்கல்லில் குறைந்த தீயில் வறட்டி மீண்டும் வையுங்கள். அந்தக் கல்லைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வெயில் நேராகப்படும் சுவர் ஆகாது, நிறம் மங்கும். கதவில் விரல்நுழையும் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். பல்லிக்கு டெல்டா இறக்கை உட்கார ஏற்ற இடம், பிட்டோ குழாயை வாலால் அடித்து வளைத்துவிட்டுத்தான் இறங்கும்.